கயத்தாற்றில் நின்ற வண்டி

அய்யாதுரை முதலில் பார்த்தது டயரைத்தான். மோட்டார் சைக்கிள் வாங்க வருகிறவன் டாங்கைத் தடவுவான், விளக்கைத் தட்டுவான், ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இளிப்பான். விற்கிறவனுக்கு வேண்டியது அந்த இளிப்புதான். அய்யாதுரை இளிக்கிற ஆள் இல்லை. மயிலாப்பூர் சித்திரைக்குளத்துப் பக்கம் இருந்த அந்த வீட்டின் கார் ஷெட்டுக்குள் நுழைந்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார், சிமென்டுத் தரையில் குந்தினார், பின்சக்கரத்தை உள்ளங்கையால் வருடினார். புது டயரில் பூனை மீசை மாதிரி ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தார் ரோட்டில் கொஞ்ச தூரம் உருண்டால் போதும், எல்லாம் உதிர்ந்துவிடும். இந்த டயரின் பக்கவாட்டில் ரப்பர் வெடித்திருந்தது. பதினெட்டு வருஷத்துப் பழசு, வெடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் முடி ஒன்றுகூட உதிரவில்லை. முன்சக்கரமும் அப்படியே. பிறகு எழுந்து, கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்றாலும் எண்கள் அவரை ஏமாற்றியது கிடையாது. முந்நூற்று எழுபத்தொன்று.

"சாமி, டயரு ஒரு மைலுகூட ஓடலங்குது. மீட்டரு முந்நூத்தி எழுவத்தொண்ணுங்குது. இதுல எது பொய்யி?"

வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கன் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார். ஏ.ஜி. ஆபீசில் குமாஸ்தா. ஒல்லியான உடம்பு, நெற்றியில் திருமண், இரண்டு நாளாய் மழிக்காத முகம். உள்ளே காலெடுத்து வைக்கவே அவருக்கு மனசில்லை போலிருந்தது.

"ரெண்டும் நிஜந்தான்" என்றார்.

"அதெப்படி?"

"வண்டி எங்கண்ணா சீமையிலேர்ந்து தருவிச்சது. அம்பத்தாறுல. பெட்டியைப் பிரிச்ச மாசமே அவருக்கு அமெரிக்காவுல வேலை ஆயிடுத்து. அப்படியே இங்கயே நின்னுடுத்து. நேக்கு ஓட்டத் தெரியாது."

"அப்பம் இந்த முந்நூத்திச் சொச்சம் யாரு ஓட்டுனது?"

"நான்தான்."

"இப்பத்தான ஓட்டத் தெரியாதுன்னிய?"

"தெரியாதுதான்" என்றார் கஸ்தூரிரங்கன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒன்று இவன் பைத்தியம், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரனாக்கப் பார்க்கிறான் என்று அய்யாதுரை முடிவு கட்டினார். மெட்ராசுக்கு வந்த புதிதில், ரங்கநாதன் தெருவில் ஒரே கடையை அவருக்கும் இன்னொருவனுக்கும் சேர்த்து விற்றானே ஒருத்தன், அவனும் இப்படித்தான் தரையைப் பார்த்துப் பேசினான். அன்றைக்கு விட்டுப்போன நம்பிக்கை அவருக்குத் திரும்பி வரவில்லை. பால்காரன் ஊற்றும்போது சொம்பைத் தன் கையில் பிடித்துக்கொள்வார். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணின் வயதைக்கூடக் கோவில் பூசாரியிடம் தனியாக விசாரித்தார் என்று மனைவி சண்முகவடிவு இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் மோட்டார் சைக்கிள் எதற்கு? ஊரே கேட்டது. இளவட்டத்தில் தூத்துக்குடி மில்லில் வேலை பார்த்தபோது வெள்ளைக்கார மானேஜரிடம் இதே கம்பெனி வண்டி ஒன்று இருந்தது. டிரையம்ப். அதைத் துடைப்பது அய்யாதுரையின் வேலை. கம்பி கம்பியாகத் துடைப்பார். ஏறி உட்கார்ந்ததில்லை, உட்கார விட்டதுமில்லை. அந்த ஆசை போய்ச் சேரும் என்று பார்த்தார், போகவில்லை. இன்னொன்றும் உண்டு. அவர் விற்பது எவர்சில்வர் பாத்திரம். பழைய பாத்திரம் மாற்ற வருகிறார்கள். அடியில் யாரோ ஒருத்தியின் பெயர் வெட்டியிருக்கும். என்ன தேய்த்தாலும் போகாது. அவர் வாழ்க்கையில் வந்ததெல்லாம் அப்படித்தான். கடையில் இன்னொருத்தன் வில்லங்கம், வீட்டில் இன்னொருத்தன் கட்டிய சுவர். யார் கையும் படாத, பேர் வெட்டாத ஒரு சாமான் தனக்கென்று வேண்டும். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் அண்டா வாங்க வந்த இடத்தில், மயிலாப்பூரில் பெட்டி பிரித்தபடியே ஒரு சீமை வண்டி நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அய்யாதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டி பிரித்தபடி என்றது பாதிதான் நிஜம். மருதாணி காய்ந்த மாதிரி ஆழ்ந்த சிவப்பு, கம்பெனி அடித்த பெயின்ட், அதில் சந்தேகமில்லை. ஆனால் வண்டிமேல் எவனோ கைவரிசை காட்டியிருந்தான். டாங்கின்மேல் இரும்புப் பட்டை வளைத்து ஒரு குட்டி நாற்காலி முடுக்கியிருந்தது. அதற்கு முதுகு உண்டு, பஞ்சுத் திண்டு உண்டு, இடுப்பில் கட்ட வார் உண்டு. வாரின் பக்கிள் உரசி உரசி டாங்கில் ஓரிடத்தில் பெயின்ட் போய் வெள்ளையாகத் தெரிந்தது. கைப்பிடியில் அமுக்கினால் பாம் பாம் என்கிற ரப்பர் ஹாரன். சைலன்சரின் வாயில் நாலு முழத்துக்குக் குழாய் மாட்டி, அதைச் சுவரில் ஓட்டை போட்டு வெளியே விட்டிருந்தது. இதற்கெல்லாம் மேலே ஒரு கூத்து: வண்டிக்கு எதிரே முக்காலிமேல் ஒரு மேஜை விசிறி.

"விசிறி எதுக்கு சாமி? பெயின்ட் காயவா?"

"காத்துக்கு."

"நாக்காலி?"

"குழந்தைக்கு." கொஞ்சம் நிறுத்தி, "ஸ்ரீரங்கன்னு பேர். ஒம்பது வயசு" என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து குழந்தைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் நிற்பதும் விலகுவதுமாக இருந்தாள். அய்யாதுரை சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்:

"பையன் எங்க, பள்ளிக்கூடமா?"

கஸ்தூரிரங்கன் வண்டியைப் பார்த்தார். பிறகு, வேறு யாருக்கோ சொல்வதுபோல, "கன்னியாகுமரி போயிண்டிருக்கான்" என்றார்.

"ஓகோ, எக்ஸ்கர்ஷனா? அப்பம் எங்க ஊரு வழியாத்தான் போகணும்."

"உங்களுக்கு எந்த ஊர்?"

"கயத்தாறு."

கஸ்தூரிரங்கன் அப்போதுதான் ஷெட்டுக்குள் வந்தார். வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "கயத்தாறா? அங்கயே பொறந்து வளந்தேளா? அங்க என்னவெல்லாம் இருக்கும்? ரோட்டுலேர்ந்து பார்த்தா என்ன தெரியும்? மரம் உண்டா? மலை எந்தப் பக்கம்?"

அய்யாதுரை உஷாரானார். முன்பின் தெரியாதவன் ஊரைப் பற்றி இத்தனை கேட்டால், ஒன்று பொய் சொல்கிறோமா என்று ஆழம் பார்க்கிறான், இல்லாவிட்டால் நிலம் நீச்சு எவ்வளவு என்று விசாரித்து அதற்குத் தக்கபடி விலை சொல்லப் போகிறான்.

"அங்க என்ன சாமி இருக்கு? கரிசக்காடு. ஒண்ணும் கிடையாது" என்றார்.

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே கிடையாதுங்கேன்."

கஸ்தூரிரங்கன் கைப்பிடியை விட்டார். "சரி, உங்க விலைக்கே எடுத்துண்டு போங்கோ" என்றார்.

பேரம் பேச வந்த இடத்தில் எதிராளி பேரத்தைக் கைவிட்டால் அய்யாதுரைக்கு வேர்க்கும். வண்டிக் காகிதங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எஞ்சின் எண்ணைத் தடவிப் பார்த்தார், அமெரிக்காவிலிருந்த அண்ணனின் கையெழுத்தைத் தெரிந்த வக்கீலிடம் காட்டினார். எல்லாம் சுத்தம். சுத்தமாக இருந்ததே உறுத்தியது. ஆனால் அந்தச் சிவப்பு அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. வாங்கிவிட்டார். அந்த வண்டி தன் சொந்தக் காலில் தி. நகர் வீட்டுக்கு வரவில்லை, வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் கயிறு கட்டி நிறுத்தி, அய்யாதுரை கூடவே நடந்து கொண்டுவந்தார். டயரில் தெருப்புழுதி ஒட்டக்கூடாது. தெரு முனை திரும்பும்போது பார்த்தார், கஸ்தூரிரங்கன் வாசலில் நின்றிருந்தார். அவர் மனைவி வாசல்வரைகூட வரவில்லை.

மெக்கானிக் கரீமுல்லாவுக்கு ராயப்பேட்டையில் கடை. வண்டியைக் கடைக்கு அனுப்ப முடியாது, நீ இங்கே வந்து வேலை செய் என்றார் அய்யாதுரை. வீட்டுப் பின்கட்டில் கீற்றுக் கொட்டகை போட்டாயிற்று. கழற்றுகிற ஒவ்வொரு நட்டும் எவர்சில்வர் டப்பாவுக்குப் போகும். டப்பா மூடி அய்யாதுரையின் மடியில் இருக்கும். கரீமுல்லா டீ குடிக்கப் போனால்கூட இவர் கண் அவன் சட்டைப் பையில் இருக்கும்.

"இன்னா அண்ணாச்சி, இப்டி பாத்துக்கினு கீறே? பிஸ்டனை வாயில போட்டுக்கினு பூடுவேன்னா?"

"போவ மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"கேட்டியாம்மா?" என்று கரீமுல்லா சண்முகவடிவிடம் முறையிடுவான். "இந்த மன்ஷனாண்ட எப்டிம்மா இத்தினி வருசம் குடுத்தனம் பண்ணே நீ?"

"தாலிய இன்னும் மாசத்துக்கு ஒரு தடவ எடை போட்டுத்தான் பாக்காவ" என்பாள் அவள், காபியை வைத்துவிட்டு.

அய்யாதுரை சொன்னது ஒன்றுதான். கம்பெனிக்காரன் எப்படிப் பெட்டியில் வைத்து அனுப்பினானோ அப்படி வேண்டும். கூட ஒரு ஆணி இருக்கக்கூடாது, குறைய ஒரு ஆணி இருக்கக்கூடாது. ரப்பர் ஹாரன் முதலில் போயிற்று. சைலன்சரில் மாட்டியிருந்த குழாய் போயிற்று. குட்டி நாற்காலியைக் கழற்றும்போது கரீமுல்லா அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எவனோ நல்லா ரோசன பண்ணிக் கட்டிக்கீறான் அண்ணாச்சி. பாரேன், புள்ள தலை சாய்றதுக்குக்கூட ஒரு திண்டு வச்சுக்கீறான். வூட்ல வச்சுக்கோ, பேரப்புள்ளைக்கு ஆவும்."

"அடுத்தவன் சாமான் எனக்கெதுக்குவே? தூக்கிப் போடும்."

மற்ற கழிசலோடு அது புதுப்பேட்டைக் காயலான் கடைக்குப் போயிற்று. பக்கிள் உரசின இடத்தில் பெயின்ட் ஒட்டுப்போட்டு, இரண்டு நாள் காய்ந்தபின் மெழுகு போட்டுத் தேய்த்தான் கரீமுல்லா. பிறகு எவ்வளவு தேடினாலும் அந்த இடம் தெரியவில்லை. டயரை மாத்து, இதை வச்சுக்கினு பல்லாவரம் தாண்ட மாட்டே, நடுரோட்ல வெடிக்கும் என்று எச்சரித்துப் பார்த்தான். கம்பெனி டயர், தொடாதே என்றுவிட்டார். அந்த ரப்பர் முடிகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அலுக்கவில்லை. காலையில் பல் தேய்த்ததும் போய் ஒரு தடவை தடவிவிட்டு வருவார். இது ஒன்றாவது நிஜம்.

மீட்டர்தான் கடைசி உறுத்தல். முந்நூற்று எழுபத்தொன்று. ராத்திரி படுத்தால்கூட அந்த எண் கண்முன்னே வரும். ஓட்டத் தெரியாதவன் ஓட்டினானாம். ஓடாத வண்டி ஓடிற்றாம். ஒருநாள் கரீமுல்லாவிடம் கேட்டுவிட்டார்.

"இந்த மீட்டரை சைபர் ஆக்க முடியுமா?"

கரீமுல்லா சிரித்தான். "இன்னா அண்ணாச்சி, நீயா கேக்கறே? ஊர்ல திருட்டுப் பசங்கதான் மீட்டரைத் திருப்புவானுங்க."

"இது திருட்டு இல்லவே. டயரு பொய் சொல்லாது. டயரு ஓடலங்குது. அப்பம் மீட்டருல எவனோ பொய்ய எழுதி வச்சிருக்கான். அத அழிக்கச் சொல்லுதேன், அவ்வளவுதான்."

மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் மீட்டரும் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் அய்யாதுரையே கொண்டுபோய், கண்ணெதிரே திறக்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சின்னச் சின்னச் சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாம் சைபருக்கு வந்து நின்றபோது அவருக்குச் சின்ன வயசில் ஆற்றில் முங்கி எழுந்த மாதிரி இருந்தது. இப்போதுதான் அது அவர் வண்டி.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமைக்கு நாள் பார்த்திருந்தார்கள். டாங்கில் சந்தனம், குங்குமம், விளக்கைச் சுற்றி மல்லிகைச் சரம். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள் சண்முகவடிவு. சூடம் காட்டியபின் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பழத்தை நசுக்கிக்கொண்டு முதல்முதலாக ரோட்டில் உருள வேண்டும். அடையாறு வரைக்கும் போய்ப் பாலத்தில் நின்று காற்று வாங்கிவிட்டு வருவதாகத் திட்டம். புது வேட்டி கட்டியிருந்தார் அய்யாதுரை. அந்த நேரத்தில்தான் பின்கட்டு வாசலில் ஒரு குடை தெரிந்தது.

கஸ்தூரிரங்கன். ஏழு மாதத்தில் இன்னும் இளைத்திருந்தார். தலை புதிதாக மழித்திருந்தது.

அய்யாதுரை வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். அமெரிக்காவிலிருந்து அண்ணன்காரன் ஏதாவது வில்லங்கம் அனுப்பியிருப்பான். சொன்னேனே, அவ்வளவு சுலபமாக விட்டபோதே நினைத்தேனே. "என்ன சாமி, விக்கிறப்ப வித்துட்டு இப்ப என்ன?" என்று உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்.

"வண்டியைத் திருப்பிக் கேக்க வரலை" என்றார் கஸ்தூரிரங்கன். "ஒரு ஒத்தாசை. தப்பா நினைச்சுக்காதேங்கோ. கொஞ்ச நாளைக்கு, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, இந்த ஸ்டாண்டுலயே வச்சு இதை ஓட்டிக்கலாமா? பெட்ரோல் நானே கொண்டுவரேன். ரோட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். இன்னும் எழுபது மைல்தான்."

கரீமுல்லா சூடத்தட்டைக் கீழே வைத்தான். "ஸ்டாண்டுல வச்சா? இன்னா சார் சொல்றே?"

"பின்சக்கரம் சுத்தினா மீட்டர் ஓடுமோன்னோ?" என்றார் அவர், கரீமுல்லாவுக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுப்பதுபோல. பிறகு குடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல், ஒரே மூச்சாகச் சொன்னார்.

"குழந்தைக்கு இருதயத்துல ஓட்டை. பொறந்ததுலேர்ந்தே. ஆட்டம் அசைவு கூடாது, வெளியில அழைச்சுண்டு போகாதேங்கோன்னுட்டா டாக்டர். மாடி ஏறினா உதடு நீலமாயிடும். அவனுக்கு ஊர் பார்க்கணும். கன்னியாகுமரியில ஒரே சமுத்திரத்துல சூரியன் உதிக்கறதும் அஸ்தமிக்கறதும் தெரியும்னு எவனோ சொல்லிட்டான். நேக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கிளப்பி கியர் போட மட்டும் ஒருத்தர்கிட்ட கத்துண்டேன். தெனம் சாயங்காலம் முன்னால உக்காத்தி வச்சுண்டு, மொள்ள, ஒரு மைல், ரெண்டு மைல். அன்னன்னிக்கு மீட்டர் எங்க நிக்கறதோ அங்கதான் அவன் ராத்திரி தூங்குவான். விழுப்புரத்துல தூங்கினான். திருச்சியில நாலு நாள் இருந்தோம், ஜுரம். ஆபீசுல அந்தந்த ஊர்க்காராளைத் தேடிப் பிடிச்சு, ரோட்டுல என்ன தெரியும்னு கேட்டுண்டு வந்து சொல்லுவேன். சாத்தூர்ல வெள்ளரிப்பிஞ்சு. கோவில்பட்டி வந்தப்போ கடலை மிட்டாய் வாங்கி முன்கூட்டியே பையில வச்சுண்டிருந்தேன். இங்க உங்க பாண்டி பஜார்ல வாங்கினதுதான். இந்த ஊர் மிட்டாய் மாதிரி எங்கயும் இல்லேப்பான்னான்."

கஸ்தூரிரங்கன் மேலே சொன்னார்.

"முந்நூத்தி எழுபத்தொண்ணுல கயத்தாறு வந்தது. கயத்தாத்துக்காரா யாரும் நேக்கு அகப்படலை. கட்டபொம்மனைத் தூக்குல போட்ட இடம்னு மட்டும் தெரியும். அதைப் போய் அந்தக் குழந்தைகிட்ட எப்படிச் சொல்றது? இங்க என்னப்பா இருக்குன்னான். நாளைக்குக் கேட்டுச் சொல்றேண்டான்னேன். கார்த்தால எழுந்திருக்கலை."

சண்முகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முந்தாநாள்தான் வருஷாப்திகம் ஆச்சு. எல்லாம் பண்ணியாச்சு, கரையேறிட்டான்னு திவசம் பண்ணி வச்ச வாத்தியார் சொன்னார். அவன் அம்மா ஜானு ஒத்துக்கலை. அவ இந்த ஒரு வருஷமா வாயைத் திறக்காதவ. குழந்தையைக் கயத்தாத்துல ஒத்தையா விட்டுட்டு வந்துட்டேளேன்னு நேத்திக்குக் கேட்டா. ராத்திரி பூரா அதையேதான் கேட்டா. அதான்... அந்த எழுபதையும் முடிச்சுடலாம்னு."

சொல்லி முடித்துவிட்டு அவர் வண்டியின் பக்கம் போனார். டாங்கை ஒரு கையால் தடவினார். பக்கிள் உரசின இடத்தை விரல்கள் தேடுவதை அய்யாதுரை பார்த்தார். வழவழவென்று இருந்தது டாங்க்.

"நாற்காலி?"

கரீமுல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "காயலான் கடைக்குப் போட்டாச்சு சார். நான் தேடிப் பாக்கறேன். இத்தினி நாள் ஆச்சு, உருக்கிருப்பானுங்க, ஆனா பாக்கறேன்."

கஸ்தூரிரங்கன் தலையாட்டினார். குனிந்து மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் ஏதாவது கத்துவார், திட்டுவார் என்று அய்யாதுரை காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. இந்தக் கையால் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரமாகத் திரும்புவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான்தான் என்று எப்படிச் சொல்வது?

"சைபர்" என்றார் கஸ்தூரிரங்கன். "அப்போ நாங்க இன்னும் ஆத்து வாசலை விட்டே கிளம்பலை."

"சார், பழைய நம்பரைத் திருப்பி வச்சுடலாம், அரை மணி வேலை" என்றான் கரீமுல்லா அவசரமாக.

"வேண்டாம்பா. டயர் சொன்னது சரிதான். எங்கயும் போகலை." குடையை எடுத்துக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா வந்து அபசகுனமா... மன்னிச்சுக்கோங்கோ. நீங்க பூஜையைப் பாருங்கோ."

அவர் கொட்டகையைத் தாண்டிக் கிணற்றடி வரைக்கும் போய்விட்டார். ஆயுசில் யாரையும் அய்யாதுரை திரும்பக் கூப்பிட்டது கிடையாது; கடையில் பேரம் படியாமல் இறங்கிப் போகிற ஆளைக்கூட.

"சாமி" என்றார். "சாமி, நில்லுங்க. கயத்தாறுல என்ன இருக்குன்னு அன்னைக்குக் கேட்டிய."

கஸ்தூரிரங்கன் நின்றார்.

"காத்து இருக்கு" என்றார் அய்யாதுரை. "ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னேம்லா. காத்து கெடக்கு சாமி. அப்பேர்க்கொத்த காத்து. மேற்க மலையில ஒரு கணவாய் இருக்கு, அதுல நுழைஞ்சு நேரா எங்க ஊருமேலதான் விழும். ரோட்டுல நின்னா ஆளைத் தள்ளும். சின்னப் பிள்ளைல நாங்க கையை விரிச்சுக்கிட்டு அது மேல சாஞ்சு நிப்போம். கீழ விழ மாட்டோம். காத்தே பிடிச்சுக்கிடும்."

"விழ மாட்டேளா?"

"விழ மாட்டோம்."

கஸ்தூரிரங்கனின் உதடு கோணியது. "நேக்கு ஒரு வருஷம் முன்னாடி உங்களைத் தெரிஞ்சிருக்கலாம்" என்றார்.

அய்யாதுரை விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். கூடத்து மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு, முக்காலி ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டிக்கு எதிரே, அன்றைக்கு அந்த ஷெட்டில் பார்த்தது போலவே, வைத்தார். சண்முகவடிவு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து உள்ளே மாட்டினாள். பிறகு அய்யாதுரை தோளில் கிடந்த புதுத்துண்டை எடுத்து, மீட்டர் தெரியாதபடி அதன்மேல் போட்டு மூடினார்.

"ஏறுங்க சாமி. இது கயத்தாறுதான்."

வண்டியை அவரே உதைத்துக் கிளப்பினார். அந்தச் சத்தத்தை முப்பத்தைந்து வருஷமாகக் காதுக்குள் வைத்திருந்தவர் அவர். இப்போது அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கஸ்தூரிரங்கன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, கூச்சத்தோடு, பழக்கப்பட்ட உடம்போடு ஏறி உட்கார்ந்தார். கியர் போட்டார். கிளட்சை மெல்ல விட்டார். விட்ட இடக்கை கைப்பிடிக்குத் திரும்பவில்லை. டாங்கின் மேலே, நாற்காலி இருந்த இடத்தில், வளைந்து நின்றது. ஒன்பது வயதுக் குழந்தையின் மார்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு வளைந்து, அழுத்தாமல், விழாமல் பிடித்திருந்தது.

"பெருசா வைடி" என்றார் அய்யாதுரை மனைவியைப் பார்த்து. "ஆடிக் காத்து மாதிரி இருக்கணும்."

விசிறி இரைந்தது. மல்லிகைச் சரம் அறுந்து பறந்து கரீமுல்லாவின் காலடியில் விழுந்தது. கஸ்தூரிரங்கன் குனிந்து, வளைந்த கைக்குள் எதையோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கீழே, சுற்றுகிற பின்சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில், உதிராத முடிகளோடு, பழத்தைத் தொடாமல் ஓடிக்கொண்டிருந்தது டயர்.